கிழக்கே நாலு அறை

தலைக்கு மேலே கூரையும் முதுகுக்குக் கீழே பாயும் கொடுத்துவிட்டால் மனிதன் திருப்தியாகிவிடுவான் என்று நம்புகிறவன் விடுதி வேலைக்கு வரக் கூடாது. நான் அப்படி நம்பித்தான் வந்தேன். என்னைப்போல விடுதி, சத்திரம், சாப்பாட்டுக்கடை என்று வழிப்போக்கர்களை வைத்துப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் நடுநடுவே பெருமூச்சு விடுவார்கள். விடட்டும், நானும் கூடவே விடுகிறேன்.

திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம் அது. தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டுதான் வருவார்கள். திருவிழா நாட்களில் ஊருக்குள் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் திண்டாடுவார்கள். பாளையங்கோட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த ஞானமுத்து முதலாளி இதைக் கவனித்து வைத்திருந்தார். வியாபார விஷயமாக ஒரு தடவை கொழும்புக்குப் போனபோது, அங்கே வெள்ளைக்காரர்கள் கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்று கூடுதல் வாடகை கொடுத்துத் தங்குவதையும் பார்த்துவிட்டு வந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். செந்தூருக்குச் சற்று வடக்கே, மணல்மேட்டின் மேல் எட்டு அறைகளோடு ஒரு விடுதி எழும்பியது.

கிழக்கே நாலு அறை. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குச் சன்னல், சாய்வு நாற்காலி, சன்னலைத் திறந்தால் கடல். மேற்கே நாலு அறை. சின்னச் சன்னல், வெளியே வண்டிகள் நிற்கும் முற்றம், கிணறு, பூவரச மரங்கள். கிழக்குப் பக்கத்துக்கு வாடகை அதிகம். சமையல் அவரவர் பாடு. நான் மேனேஜர். அதாவது சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது, மற்றதெல்லாம் என் தலையில் இருந்தது.

முதல் சன்னல்

மாசித் திருவிழாவுக்கு முதல் ஆளாக முக்கூடலிலிருந்து சுடலைமுத்து என்கிற விவசாயச் சம்சாரி மனைவியோடு வந்து இறங்கினார். மனிதர் வசதியானவர் என்பது வண்டியைப் பார்த்தாலே தெரிந்தது. வில்வண்டி, கழுத்தில் சலங்கை கட்டிய மயிலைக் காளைகள். எனக்கு வாயெல்லாம் பல். கிழக்கு அறைக்கு அழைத்துக்கொண்டு போய், முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தபடி முதலில் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, அப்புறம் சன்னலின் இரண்டு கதவுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்தேன். கடல் மொத்தமும் அறைக்குள் வந்ததுபோல இருந்தது. எனக்கே மெய் சிலிர்த்தது.

அவர் பார்த்தார். ‘நல்லாருக்கு’ என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார். பிறகு கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து எதையோ தேடினார். மாட்டை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டார். மேற்கே, முற்றத்தில் என்றேன். சொல்லி முடிக்கும் முன் ஆள் நடந்துவிட்டார். மேற்கு அறை ஒன்றில் நுழைந்து, அந்தச் சின்னச் சன்னலில் குனிந்து பார்த்து, தன் காளைகள் வைக்கோலை இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் தோள் துண்டை எடுத்துக் கீழே விரித்தார். அங்கிருந்து கடல் தெரியாதே என்று நான் இழுத்தேன்.

“கடலு எங்கன போயிரப் போவுது வே? மாட்டை எவனாவது அவுத்துட்டுப் போயிட்டாம்னா முக்கூடலுக்கு நானுல்லா நடக்கணும்.”

முதலாளி வைத்த கெடு

மாசித் திருவிழா முடிந்தது. மேற்கு அறைகளுக்கு அடிதடி, கிழக்கு அறைகளில் ஈ காக்கை இல்லை. பங்குனியில் முதலாளி வந்து பார்த்தார். நாலு அறையையும் தானே திறந்து, நாலு சாய்வு நாற்காலியிலும் விரலால் தடவி, உப்புப் பூத்த தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். மேற்கு அறைகளின் வாடகை கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது, கிழக்கு நிறையாவிட்டால் இதைக் கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக மாற்றிவிட வேண்டியதுதான் என்றார்.

எனக்கு வேலை போவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. என் மனைவி கோமதிக்கு இளைப்பு நோய். எங்கள் ஊர் சேரன்மகாதேவியில் அறுப்புக் காலம் வந்தால், வைக்கோல் தூசி பறக்க ஆரம்பித்ததும் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். படுக்க முடியாது. இந்தக் கடற்கரைக்கு வந்து, விடுதிக்குப் பின்னால் எங்களுக்கென்று கொடுத்த ஓலைக்கூரை வீட்டில் குடியேறியபிறகுதான் அவள் பாயில் கால் நீட்டிப் படுத்ததை நான் பார்த்தேன். லேகியமும் சூரணமும் செய்யாததை உப்புக்காற்று செய்திருந்தது. இங்கே வேலை போனால் திரும்பச் சேரன்மகாதேவிதான், திரும்ப அந்தச் சுவர்தான். இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு கெடு வைத்தார்.

“ஐப்பசியில சஷ்டி வருதுல்லா, அதுவரைக்கும் பாப்பேன் பிள்ளைவாள். பொறவு கருப்பட்டிதான். கருப்பட்டி நம்மகிட்ட சன்னல் கேக்காது.”

வாத்தியார் வந்தார்

சித்திரை விடுமுறைக்குப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தேவசகாயம் குடும்பத்தோடு வந்தார். படித்தவர். கடலைப் பற்றி நிறைய வாசித்திருந்தார். அதைவிட முக்கியம், வந்தது வாடகை வண்டியில். சொந்த மாடு இல்லாத மனிதர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரே கிழக்கு அறையைக் கேட்டு வாங்கினார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்து, பைபிள் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம் சொன்னார். அவர் மனைவி கண்ணை மூடிக் கேட்டார். நான் கோமதியிடம் ஓடிப்போய், ஒரு அறை நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாத்தியார் கையில் தலையணையோடு நடையில் நிற்கிறார். திரும்பிப் போவதற்கும் அதே வண்டியைத்தான் பேசி வைத்திருந்தாராம். முற்றத்துப் பக்கம் தண்ணீருக்குப் போனபோது, வண்டிக்காரன் காயல்பட்டினத்துக்கு ஒரு சவாரி இருக்கிறதா என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. அவன் கிளம்பிவிட்டால் ஆறு பிள்ளைகளோடு கடற்கரையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே வண்டிக்காரன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு அறை வேண்டும். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடவுள் படைத்த கடலைவிட்டு வண்டிக்காரனைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். வாத்தியார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்கே நடந்தார்.

“கடலு கர்த்தர் கையில இருக்கு, அது எங்கயும் போவாது. வண்டிக்காரன் யாரு கையிலயும் இல்லியே, பிள்ளைவாள்.”

சம்பந்தி வீட்டுச் சொத்து

ஆடி அமாவாசைக்குச் சமுத்திர ஸ்நானம் பண்ண ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு அய்யங்கார் வந்தார். சுடலைமுத்துவும் வாத்தியாரும் கொடுத்த அடியில் நான் புத்திசாலியாகியிருந்தேன். சன்னலைத் திறந்து காட்டவில்லை, கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேற்கு அறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், கிழக்கேதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நிஜமாகவே அடித்துக்கொண்டிருந்தோம். அவர் மூட்டையை உள்ளே வைத்தார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், அறை பூட்டிக் கிடக்கிறது. மனிதர் முற்றத்தில், பூவரச மரத்தடியில், காளைகளுக்கு எதிரே ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். ஈ மொய்க்கிறது, சாண வாடை வீசுகிறது, அசையவில்லை. வண்டியும் மாடும் அவருடையவை இல்லையாம், பெண்ணைக் கொடுத்த இடத்தில் இரவல் வாங்கியவை. ஒரு மாட்டுக்கு ஏற்கெனவே நுகத்தடி பட்டுக் கழுத்துத் தோல் சிவந்திருந்தது. அதற்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டிருந்தார். அறைக்கு வாடகையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார், அது வேறு எனக்குச் சங்கடம். உள்ளே போய்க் கொஞ்சம் காற்று வாங்குங்களேன் என்று கெஞ்சினேன்.

“என் மாடா இருந்தா நாள் பூரா சமுத்திரத்தைப் பாத்துண்டிருப்பேன் ஓய். இது மாப்பிள்ளை ஆத்து மாடு. இதுக்கு ஒண்ணுன்னா என் பொண்ணுதான் பதில் சொல்லணும்.”

லூர்தம்மாள்

அறைகளைப் பெருக்கித் துடைக்கப் பக்கத்துக் கடற்கரைக் குடியிலிருந்து லூர்தம்மாள் வருவாள். ஆளே தங்காத கிழக்கு அறைகளுக்குத்தான் அவளுக்கு வேலை அதிகம், மணல் அப்படி வந்து அடையும். ஆவணியில் ஒரு காலை, பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் மனம் வெறுத்துப்போய்க் கேட்டேன், கடலைப் பார்க்க இந்த ஜனங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று. அவள் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பெருக்குவதை அப்போதுதான் கவனித்தேன். அவள் புருஷன் விடியுமுன்னே மீன் பிடிக்க வள்ளத்தில் போயிருந்தான்.

அவளிடம் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அவள் சங்கடப்படவில்லை. விளக்குமாற்றைத் தட்டிவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, இப்பொழுது கோமதி பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டிவைக்க ஆரம்பித்திருக்கிறாளே, கவனித்தீர்களா என்றாள். நான் கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று கோமதி தீர்மானித்துவிட்டிருந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லூர்தம்மாள் என் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“வள்ளம் கரையேறுன பொறவுதான் பிள்ளைவாள் கடலு அழகு. அதுக்கு முந்தி அதுல பாக்க என்ன இருக்கு?”

அடைமழைக்கு மறுநாள்

ஐப்பசி பிறந்தது. சஷ்டிக்கு முன்னால் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது முற்றம் முற்றமாக இல்லை, செம்மண் குழம்பாக இருந்தது. அன்று பார்த்து கங்கைகொண்டானிலிருந்து சங்கரலிங்கம் என்கிற சம்சாரி, சூரசம்ஹாரம் வரை தங்கும் எண்ணத்தோடு வந்தார். அவர் பின்னாலேயே வேறு மூன்று வண்டிகள். மேற்கு அறைகளை நாலு பேரும் எடுத்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை, அந்தத் தெம்பெல்லாம் போய்விட்டது. சாவிகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் கிழக்குப் பக்கம், முதலாளியின் நாலு பெரிய சன்னல்களுக்கு நேரே, மணலில் காளைகள் வரிசையாக நிற்கின்றன. சங்கரலிங்கம் மாடு கட்ட முளை அடித்துக்கொண்டிருக்கிறார். சஷ்டிக்கு முதலாளி வரப்போகிறார். கொழும்பிலே பார்த்துவிட்டு வந்து கட்டிய சன்னல்கள், அவற்றின் முன்னால் சாணம். கூடவே கூடாது என்று கத்தினேன். கரிசல்காட்டுக்காரருக்குச் சேற்றைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மாடு சேற்றில் படுக்காது, ராத்திரி முழுக்க நின்றால் ஊர் திரும்பும்போது வண்டி இழுக்காது என்று பொறுமையாகச் சொன்னார். மணலில் அதற்குள் இரண்டு காளைகள் சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடல் காற்றில் ஒரு ஈ இல்லை. அதுகளை எழுப்ப எனக்கே மனசு வரவில்லை.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சங்கரலிங்கம் தன் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். மேற்கு அறைச் சாவியை நீட்டி, கிழக்கு அறைச் சாவியைக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். எனக்கு வெகுநேரம் விளங்கவில்லை. அங்கே வாடகை கூடுதல் என்று நானே அவர்களுக்கு ஞாபகப்படுத்தினேன் என்றால் பாருங்கள். கூடுதல் என்றால் கூடுதல், திறந்துவிடும் என்றார்கள். அவசரத்தில் ஒரு பூட்டுக்கு மூன்று சாவி போட்டுப் பார்த்தேன். சங்கரலிங்கம் சாய்வு நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, காளைகளைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு, என்னையும் பரிதாபமாகப் பார்த்தார்.

“எந்த ரூமுன்னு நீரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது வே. மாடு எங்கன படுக்கோ, அங்கனதான் நமக்குத் தூக்கம்.”

மீரான் சாயபுவின் நன்றி

மறுநாள் நான் செய்த முதல் காரியம், கிணற்றடியிலிருந்த கல்தொட்டியை ஆட்களை வைத்து உருட்டிக்கொண்டுபோய்க் கடல் பக்கம் போட்டது. வண்டிச் சக்கரம் மணலில் புதையாமலிருக்கப் பனையோலை பரப்பினேன். முளைகளை வரிசையாக அடித்தேன். இவ்வளவும் முதலாளிக்குத் தெரியாமல். அவர் வந்து பார்த்தால் சீறுவாரா சிரிப்பாரா என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. கோமதி வாசலில் நின்று பார்த்தாள். சாக்கு மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை.

அன்றைக்கு மேலப்பாளையத்துத் துணி வியாபாரி மீரான் சாயபு வந்தார். தாயாருக்குக் கடல் காற்று வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூட வந்திருந்தார்கள். கிழக்கில் ஒரு அறைதான் காலி, மழை விட்டதும் வந்தவர்களில் ஒருவர் கிளம்பியிருந்தார். சன்னலுக்கு வெளியே மாடுகள் நிற்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சாயபு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். போச்சு, காலி செய்யப் போகிறார் என்று எழுந்து நின்றேன். போன வருஷம் வேறொரு கடற்கரை வீட்டில் தங்கினார்களாம். வலை இழுக்கிறவர்களும் கிளிஞ்சல் பொறுக்குகிறவர்களும் சன்னலை ஒட்டியே நடந்ததில், தாயார் இருந்த நாளெல்லாம் சன்னல் அடைத்தே கிடந்ததாம். இங்கே கொம்பும் திமிலுமாகக் காளைகள் நிற்கிற வரிசையைத் தாண்டி எவன் சன்னலுக்கு வருவான்?

“எங்க பொம்பளையாளுவ இன்னைக்குத்தான் சன்னலத் தொறந்து வெச்சு ஒக்காந்து கடலப் பாக்காங்க, பிள்ளைவாள். அந்த மாடுவளுக்கு அல்லா பரக்கத் செய்யட்டும்.”

முதலாளியின் குதிரை

சூரசம்ஹாரத்தன்று மத்தியானம் முதலாளி வந்தார். புதிதாக ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி, அதைப் பூட்டிய வண்டியில் வந்திருந்தார். விடுதியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனவர் அப்படியே நின்றுவிட்டார். கடல், கடலுக்கு முன்னால் மாடுகள், மாடுகளுக்கு முன்னால் அவருடைய சன்னல்கள். நாலு சன்னலிலும் ஆள். நான் பின்னால் நின்று, சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தாடையைத் தடவினார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தச் சேரன்மகாதேவிச் சுவர்தான் தெரிந்தது. குதிரையை எங்கே கட்ட என்று வண்டிக்காரன் கேட்டான். முற்றம் இன்னும் காயவில்லை. மாடுகளின் வரிசைக் கடைசியில் கட்டச் சொன்னேன்.

முதலாளிக்கு மேற்கு அறைதான் கிடைத்தது. சொந்தக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்தது அதுதான். படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். கதவு திறந்தது. மனிதர் நடையில் போனார், கிழக்குத் தாழ்வாரத்தில் நின்று எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார், படுத்தார். மறுபடியும் கதவு திறந்தது. மறுபடியும் போனார். மூன்றாம் தடவை, அறையிலிருந்த முக்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில், சங்கரலிங்கத்தின் சன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குதிரை அவர் கண் முன்னால் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து சங்கரலிங்கம், நல்ல குதிரை, எந்தச் சந்தையில் பிடித்தது என்று விசாரித்தார். இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன். இருட்டுகிற நேரத்தில்தான் முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது. தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

“கருப்பட்டிக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன், பிள்ளைவாள். என் குதிரை தெரியுத மாதிரி ஒரு ரூமு காலியானா, நீரு வேற யாருக்கும் குடுத்திராதேயும்.”

வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் இதைச் சொன்னேன். அவள் சாக்கு மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கடைசியில் அகப்பைகூட அதன் ஆணியில் போய்த் தொங்கியது. பிறகு பாயை விரித்துக் கால் நீட்டிப் படுத்தாள். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்ததைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அந்த விடுதியில் இருந்த காலம் முழுக்கக் கிழக்கு அறைகள் காலியாகக் கிடந்ததே இல்லை என்றாலும், கடலைப் பார்க்கவென்று யாரும் அவற்றைக் கேட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை, மாட்டைப் பார்த்த கண்ணுக்குக் கடல் சும்மா கிடைத்தது.